இரண்டாவது காந்தாரம்

கர்நாடக சங்கீதத்தின் முதல் பாடமான சரளி வரிசையை மூன்றாம் காலத்தில், அதாவது வேகமாக, வாசிப்பதைவிட, மெதுவாக முதல் காலத்தில் வாசிப்பதுதான் கஷ்டம். சங்கீதம் கற்றவர்களிடம் இதைச் சொன்னால் தலையாட்டுகிறார்கள். மற்றவர்கள் நம்புவதில்லை, மெதுவாகப் போவதில் என்ன கஷ்டம் என்று கேட்கிறார்கள். மூன்றாம் காலத்தில் ஒரு தட்டுக்கு நான்கு ஸ்வரம். விரல்கள் பழகாத வரைதான் அது மிரட்டும், பழகிவிட்டால் கோவையாகத் தானே ஓடும். முதல் காலத்தில் ஒரு தட்டுக்கு ஒரே ஸ்வரம். மீட்டியாயிற்று, அடுத்த ஸ்வரத்துக்கு இன்னும் ஒரு முழு நொடி இருக்கிறது. அந்த ஒரு நொடிக்குள் மனம் எங்கே போகிறது, அதை எப்படித் திரும்ப அழைத்து வருவது என்பதைத்தான் ஐம்பது வயதை ஒட்டி வீணையிடம் கற்றுக்கொண்டிருக்கிறேன். கவனச் சிதறல் பற்றி ஊரெல்லாம் பேசுகிறார்கள். இந்த ஒரு நொடியைப் பற்றி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, அதனால் எழுதுகிறேன்.

திருச்சியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஜிஎஸ்டி படிவங்களில் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதிக்குள் 3பி தாக்கல் செய்ய வேண்டும். இந்த இரண்டு தேதிகளைச் சுற்றித்தான் எங்கள் மாதம் நடக்கும். ஒரு கிளையன்ட்டின் பில்களைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் போனில் வருவார், அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே மூன்றாமவருக்கு வாட்ஸப்பில் ஒரு வரி தட்டுவேன். இதில் எனக்குப் புகார் எதுவும் இல்லை, வேலை அப்படிப்பட்டது. ஆனால் அந்த வேகம் அலுவலகத்தோடு நிற்கவில்லை. சமைக்கும்போதும் பஸ்ஸிலும் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பேன். சொற்பொழிவு, பேட்டி, வரிச் சட்ட விளக்கம், எல்லாமே 1.5 வேகத்தில். அப்படிக் கேட்டுப் பழகியபின் ஆட்கள் நேரில் சாதாரணமாகப் பேசினாலே இழுத்து இழுத்துப் பேசுவது போல இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய வீணைப் பதிவு ஒன்றில் தோடி ராக ஆலாபனை கேட்டுக்கொண்டிருந்தேன். சிறு வயதிலிருந்தே எனக்குத் தோடி என்றால் உயிர். கொஞ்ச நேரத்தில் கட்டைவிரல் தானாகத் திரையின் ஓரத்துக்குப் போய் வேகத்தைக் கூட்டியது. நான் முடிவெடுத்துச் செய்யவில்லை. இப்போதைய செயலிகள் சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் கூட்டுகின்றன. ஆகவே தோடியின் காந்தாரம், அதாவது க ஸ்வரம், அதன் இடத்தில்தான் இருந்தது, ஆனால் கீழிருந்து மெல்ல எழுந்து இறங்கும் அதன் அசைவு வெறும் நடுக்கமாகிவிட்டிருந்தது. அதைக் கேட்டதும் ஏதோ பறிபோனது போலிருந்தது. வேகத்தைக் குறைத்து மறுபடி கேட்டேன். காதுக்கு அது தோடி என்று தெரிந்தது, மனம் மட்டும் அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்று துடித்தது. எனக்கு மிகப் பிடித்த ஒன்றோடு இருக்கும்போதுகூட இருக்க முடியவில்லை என்பது பல நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. புத்தகம் படிக்க முடியவில்லை என்றால் வயது, கண்ணாடி, அலுப்பு என்று ஏதாவது காரணம் சொல்லிக்கொள்ளலாம். தோடிக்கு என்ன காரணம் சொல்வது?

தியானம், யோகா, போனை வேறு அறையில் வைப்பது என்று ஆளாளுக்கு ஒரு வழி சொன்னார்கள். எல்லாம் நல்ல வழிகள்தான். எனக்குக் கைக்கு வேலை வேண்டும் என்று தோன்றியது. வயலின் எடுக்கலாமா என்று யோசித்தேன். ஸ்வர இடத்தைக் காட்டும் உலோகப் பட்டையான மெட்டே இல்லாத வாத்தியத்தில் ஸ்வர ஸ்தானம் பிடிபடவே வருஷக்கணக்காகும் என்றார்கள். கடைசியில் வீணை என்று முடிவானதற்கு உடல் சார்ந்த காரணமும் உண்டு. சம்மணமிட்டு உட்கார்ந்து, நாதம் எழும் பெரிய குடம் வலப்பக்கம் தரையில், சுரைக்குடுக்கை இடத் தொடையில், இடது கை நீண்ட கழுத்தான தண்டியை அடியிலிருந்து சுற்றி மேலே வர, வலது கை தந்தியின் மேல். இப்படி அமர்ந்துவிட்டால் வாத்தியம் ஆளை விடாது. அப்புறம் எண்ணெய். தந்தியில் விரல் வழுக்கிப் போக இடது கை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் துளி தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்ள வேண்டும். எண்ணெய் விரலோடு யாரும் போனைத் தொட மாட்டார்கள். இது சின்ன விஷயம்தான், ஆனால் ஆரம்ப நாட்களில் என்னை வீணையோடு உட்கார வைத்ததில் அந்த எண்ணெய்க்குப் பெரிய பங்கு உண்டு.

டீச்சர் ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதிப் பக்கம் ஒரு பழைய வீட்டில் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். என் வயதைக் கேட்டார், முட்டி வலி உண்டா என்று கேட்டார், தினமும் உட்கார முடியுமா என்று கேட்டார். எதற்காகக் கற்க வருகிறாய் என்று மட்டும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன், கவனம் நிற்கவில்லை டீச்சர் என்று. "அதெல்லாம் அப்புறம் பாக்கலாம், முதல்ல விரல் நிக்கட்டும்" என்று ஸ வைக்கக் கற்றுக்கொடுத்தார்.

விரல் நிற்கப் பல வாரம் ஆயிற்று. வெறும் விரல் நுனியால் உருக்குத் தந்தியை மெட்டின் மேல் அழுத்தினால் தோலில் பள்ளம் விழும். அது எரியும், கறுக்கும், பிறகு காய்த்துப்போகும். காய்த்த பிறகு வலி இல்லை. வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி மேலிருந்து கீழாக மீட்ட வேண்டும், சுண்டுவிரல் பக்கவாட்டில் இருக்கும் மூன்று தாளத் தந்திகளைக் கீழிருந்து மேலாகத் தட்டித் தாளம் காட்ட வேண்டும். ஒரே கையில் இரண்டு திசை. தொடக்கத்தில் மூளை இதற்கே முழுவதுமாகச் செலவாகிவிடுகிறது, வேறு எதையும் நினைக்க இடமே இருக்காது. அந்த நாட்களில் என் கவனம் சீராகிவிட்டது என்றே எல்லோரிடமும் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். விசைப்பலகையில் ஆண்டுக்கணக்காக எண்களைத் தட்டிய விரல்கள் வேறு, அதனால் சரளி வரிசை இரண்டாம் காலமும் மூன்றாம் காலமும் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வந்தன.

எந்த ஸ்வரத்தில் போனாய்?

மூன்றாவது சரளி வரிசையை ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். ஸ ரி க, ஸ ரி க, ஸ ரி. ஸ ரி க ம ப த நி ஸ. எட்டு எண்ணிக்கையுள்ள ஆதி தாளத்தில் முதல் ஆவர்த்தனம், அதாவது முதல் எட்டுத் தட்டு, மூன்று, மூன்று, இரண்டு என்று பிரிகிறது. வேகமாக வாசிக்கும்போது இதில் ஒரு சிக்கலும் இல்லை. முழு வரியும் ஒரே மூச்சில் கைக்கு வந்துவிடும். மெதுவாக வாசிக்கும்போது ஒரு ‘ஸ ரி க’ முடிந்ததும், இது முதலாவதா இரண்டாவதா என்பதை ஆள் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். ஆள் இல்லையென்றால் மூன்றாவதாக ஒரு ‘ஸ ரி க’ தானாக வந்துவிடும், தாளம் அங்கே உடையும்.

ஒருநாள் மாலை டீச்சர் என் மூன்றாம் காலத்தைக் கேட்டுவிட்டு, "சரி, போதும். முதல் காலம் வாசி, நான் தாளம் போடறேன்" என்றார். நிதானமான தாளம், நொடிக்கு ஒரு தட்டு. தட்டு, சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. முழு வரிசையும் ஒரு சுற்று நன்றாகப் போயிற்று. அடுத்த சுற்றில் மூன்றாவது ‘ஸ ரி க’ வந்துவிட்டது. டீச்சர் தொடையில் தட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தாமலே கேட்டார், "இப்ப எங்கம்மா போனே?"

நான் உண்மையைச் சொன்னேன். ஒரு கிளையன்ட் அனுப்பிய பில்லின் தொகை போர்ட்டலில் வந்த தொகையோடு பொருந்தவில்லை, அது நினைவுக்கு வந்தது.

"அது எந்த ஸ்வரத்துல வந்தது?"

கேள்வி எனக்குப் புரியவில்லை. அவர் மறுபடி கேட்டார். அந்த பில் நினைவு வரும்போது விரல் எந்த மெட்டில் இருந்தது? ரியில் வந்ததா, காவில் வந்ததா, ஸ மீட்டும்போது வந்ததா? கண்ணை மூடி யோசித்தேன். பதில் தெளிவாகவே இருந்தது. இரண்டாவது காந்தாரத்தில். நான்காம் மெட்டில் விரல் உட்கார்ந்திருந்தது, நாதம் கேட்டுக்கொண்டிருந்தது, அப்போதுதான் அந்த பில் வந்தது. டீச்சர் தலையை ஆட்டிவிட்டு நோட்டையும் பென்சிலையும் என் பக்கம் தள்ளினார். "புள்ளி வை. இனிமே எங்க போச்சோ அங்க எல்லாம் புள்ளி வை. திரும்பி வந்ததுக்கு வேண்டாம், போன எடத்துக்கு வை."

என் கவனத்தைப் பற்றி இதுவரை எத்தனையோ பேர் பேசியிருக்கிறார்கள். ஏன் சிதறுகிறது என்று கேட்டிருக்கிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். எந்த இடத்தில் போயிற்று என்று கேட்ட முதல் ஆள் இந்த டீச்சர்தான். ஏன் என்ற கேள்விக்கு என்னிடம் இருந்ததெல்லாம் குற்ற உணர்ச்சி மட்டுமே. எங்கே என்று கேட்டதும் பார்க்க ஒரு பொருள் கிடைத்துவிட்டது.

அதற்குப் பின் வீட்டில் உட்கார்ந்து முதல் காலம் மட்டும் வாசித்தேன். மனம் போனது தெரிந்ததும் நிறுத்தி, போன ஸ்வரத்தின் மேல் பென்சிலால் ஒரு புள்ளி. கொஞ்ச நாளில் நோட்டைப் பார்த்தபோது ஆச்சரியமாக இருந்தது. புள்ளிகள் நாலாபக்கமும் சிதறிக் கிடக்கும் என்று எதிர்பார்த்தேன். பெரும்பாலானவை காந்தாரத்தின் மேல் குவிந்திருந்தன, மிச்சத்தில் பாதி நிஷாதமான நி-யின் மேல். ரியிலும் தைவதமான த-விலும் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

காரணம் விரல்களில்தான் இருக்கிறது. சரளி வரிசை மாயாமாளவகௌளை ராகத்தில் அமைந்தது. அதில் ரி சுத்த ரிஷபம், முதல் மெட்டு. க அந்தர காந்தாரம், நான்காம் மெட்டு. நடுவில் இரண்டு மெட்டுகளைத் தாண்ட வேண்டும். தண்டியின் அந்தப் பகுதியில் மெட்டுகள் ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளியில் இருப்பதால் கை சற்றுத் தாவித்தான் போக வேண்டும். அந்தத் தாவலுக்கு கவனம் தேவை, அது தானாகவே வந்துவிடும். ரிஷபமும் தைவதமும் இந்த ராகத்தில் அசைவோடு பேசும் ஸ்வரங்கள். அந்த அசைவைக் கொடுக்க விரல் உழைக்கிறது. காந்தாரம் ஆடாமல் நிற்பது. தாவிப் போய் உட்கார்ந்தாயிற்று, இனி அங்கே செய்ய ஒன்றுமில்லை. அடுத்து வரப்போவதோ ஸ, திறந்த தந்தி. இடது விரலை எடுத்தால் போதும். ஆக மொத்தம் அந்த வரிசையிலேயே கைக்கு வேலை குறைந்த இடம் காந்தாரம்தான், மனம் கிளம்பிப் போவதும் அங்கேதான். வேலை கடினமாக இருக்கும் இடத்தில் கவனம் சிதறும் என்று நினைத்திருப்பவர்கள் இதை ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம். என் நோட்டில் அது சுலபமான இடத்தில்தான் சிதறியிருந்தது.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் குளோரியா மார்க் என்ற ஆய்வாளர் கணினி முன் இருப்பவர்களை நீண்ட காலமாகக் கவனித்து வருகிறார். 2004 வாக்கில் ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் நின்ற கவனம், பின்னாட்களில் 47 நொடிக்கு இறங்கிவிட்டது என்பது அவர் கண்டது. மூன்றாவது சரளியின் ஏறு வரிசையும் இறங்கு வரிசையும் சேர்த்து முதல் காலத்தில் நான்கு ஆவர்த்தனம், 32 தட்டு. அந்த 47 நொடி இரண்டு சுற்றுக்குக்கூடப் போதாது. டீச்சரிடம் நான் தடுக்கி நின்றதும் ஏறக்குறைய அந்த அளவில்தான்.

காந்தாரத்தில் கேட்பதற்கு என்ன இருக்கிறது

அடுத்த வகுப்பில் நோட்டைக் காட்டினேன். டீச்சர் புள்ளிகளைப் பார்த்துவிட்டு வீணையை ஓரமாக வைக்கச் சொன்னார். மூலையில் சாய்த்து வைத்திருந்த தம்புராவை எடுத்து உறையைக் கழற்றினார். நான் வீட்டில் சுருதிக்குச் செயலிதான் வைத்துக்கொள்வேன். அவர் தந்தியை முறுக்கும் பிரடைகளைத் திருகிச் சுருதி சேர்த்து, தந்திகளைத் தாங்கும் கட்டையான குதிரையின் மேல் தந்திக்கு அடியில் இருக்கும் நூலை நகத்தால் கடுகளவு முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருந்தார். நூலுக்கு ஜீவா என்று பேர். ஓர் இடத்துக்கு வந்ததும் அதுவரை மூடிக் கிடந்த நாதம் திறந்துகொண்டது. பிறகு கடைசித் தந்தியை, கீழ் ஸ்தாயியின் ஸ-வான மந்திர ஸட்ஜத்தை மட்டும் மீட்டி, "என்ன கேக்கறது?" என்றார். ஸ கேட்கிறது என்றேன். "இன்னும் கேளு."

பல தடவை மீட்டினார். முதலில் ஸ மட்டும். பிறகு அதற்கு மேல் ஒரு ப இருப்பது போலிருந்தது. நாதம் மெலிந்துகொண்டே போகும்போது, அது முழுவதும் அடங்குவதற்குள், உயரத்தில் மெல்லிசாக இன்னொரு ஸ்வரம் தலைகாட்டியது. காந்தாரம். யாரும் அந்தத் தந்தியில் காந்தாரம் வாசிக்கவில்லை. தந்தி அதிரும்போது அதன் ஐந்தாவது பங்கு தனியாக அதிர்வதால் அந்தர காந்தாரம் தானே பிறக்கிறது. சுயம்பு காந்தாரம் என்று நம் பெரியவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த வார்த்தையை நான் கச்சேரி விமர்சனங்களில் படித்திருக்கிறேன். காதால் கேட்டது அன்றுதான். கேட்டதும் உடம்பு சிலிர்த்துவிட்டது.

"இப்ப வீணையை எடு. உன் கா வரும்போது அது இதோட சேர்றதான்னு பாரு" என்றார் டீச்சர். அவர் தம்புரா மீட்ட நான் முதல் காலத்தில் ஸ ரி க வாசித்தேன். காந்தாரத்தில் விரல் உட்கார்ந்ததும் செய்ய வேலை கிடைத்துவிட்டது. என் நாதம் மெலிகிறது, தம்புராவிலிருந்து எழுவதும் மெலிகிறது, இரண்டும் ஒன்றா? கொஞ்சம் அழுத்திவிட்டால் என்னுடையது மேலே ஏறிவிடுகிறது. வீணையின் மெட்டுகள் உயரமானவை, தந்தியை வேண்டியதற்கு மேல் அழுத்தினாலே ஸ்வரம் கூடிவிடும். அழுத்தத்தைத் தளர்த்தினால் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று போய் உட்காருகின்றன. அந்த ஒரு நொடி போதவில்லை. அடுத்த தட்டு சீக்கிரம் வந்துவிட்டது போல இருந்தது. நொடிக்கு ஒரு தட்டு என்ற அந்தத் தாளத்தை வேகமாக உணர்ந்தது அன்றுதான்.

இதையே கீபோர்டில் கற்றிருந்தால் இந்தப் பாடம் கிடைத்திருக்காது என்று நினைக்கிறேன். கீபோர்டின் காந்தாரம் தம்புராவில் எழும் காந்தாரத்தைவிட ஒரு நூலிழை உயர்ந்தே இருக்கும். அதன் சுருதி அமைப்பு அப்படி. வாசிப்பவர் அதைச் சேர்த்து வைக்கவும் முடியாது, வைக்க வேண்டிய தேவையும் இல்லை. கட்டையை அழுத்தினால் ஸ்வரம் சரியாகவே வரும். அதில் கற்றுக்கொள்ள வேறு அருமையான விஷயங்கள் இருக்கின்றன. என் குறைக்கு வேண்டிய மருந்து வீணையில் இருந்தது, அவ்வளவுதான்.

வீணை தனம்மாளின் பதிவுகளைத் தேடிக் கேட்க ஆரம்பித்தது இதற்குப் பிறகு. 1867-இல் பிறந்து 1938-இல் மறைந்தவர். சென்னை ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார், ஊரின் பெரிய வித்வான்களே வந்து உட்கார்ந்து கேட்பார்கள். இரைச்சலுக்கு அங்கே இடமில்லை. நகத்தால் மீட்டும் மெல்லிய வாசிப்பு, ஒலிபெருக்கி இல்லாத காலம், கேட்பவர் அசைந்தாலே நாதம் போய்விடும். இசைத்தட்டின் கரகரப்புக்குக் கீழே கிடக்கும் அந்த வாசிப்பைக் கேட்க ஹெட்போனோடு உட்கார்ந்தேன். மீட்டலுக்கும் மீட்டலுக்கும் நடுவில் அவர் விடும் இடத்தில் தந்தி என்ன செய்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பதிவு முடிந்தபோதுதான் கட்டைவிரல் ஞாபகம் வந்தது. அது திரைப் பக்கமே போகவில்லை.

வெயிலும் மெழுகும்

திருச்சியின் சித்திரை, வைகாசி வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வீணையின் 24 மெட்டுகளும் மரத்தில் அடித்தவை அல்ல. தேன்மெழுகில் கரித்தூள் குழைத்து, தண்டியின் மேல் இரண்டு பக்கமும் கரை போலக் கட்டி, அதில் பதித்திருப்பார்கள். வெயில் கூடினால் மெழுகு இளகும், மெட்டு மயிரிழை நகர்ந்துவிடும். அப்படி ஒரு கோடையில் வீட்டில் வாசித்துக்கொண்டிருக்கும்போது காந்தாரம் சுருதியோடு சேர மறுத்தது. அழுத்தத்தைத் தளர்த்திப் பார்த்தேன், பிரடையைச் சரிபார்த்தேன், எண்ணெயைத் துடைத்துவிட்டு வாசித்துப் பார்த்தேன். சேரவில்லை. ஸ சரி, ரி சரி, க மட்டும் கொஞ்சம் தூக்கலாக நின்றது.

டீச்சர் வீட்டுக்கு வீணையைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் நான்காம் மெட்டில் விரல் வைத்து ஒரே ஒரு முறை மீட்டினார். "மெட்டு நகர்ந்துடுத்து. மேளம் கட்டணும்" என்றார். மெட்டுகளைப் புதிதாகப் பதித்துச் சுருதி சேர்ப்பதற்கு அந்தப் பேர். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்து, "நீயே கண்டுபிடிச்சியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் வேறு ஒன்றும் சொல்லவில்லை, தஞ்சாவூரில் யாரிடம் போக வேண்டும் என்று மட்டும் சொன்னார். எனக்கு அந்த ஒரு கேள்வியே பெரிய பரிசாக இருந்தது. ஸ்வரம் நின்ற அந்தச் சின்ன நேரம் முழுக்க நான் அங்கேயே இருந்திருக்கிறேன் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று கிடையாது.

தஞ்சாவூர்ப் பட்டறையில் பாதி செதுக்கிய பலாமரக் குடங்கள் சுவரோரம் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. குடம், தண்டி எல்லாம் ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாந்த வீணை, தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. என்னுடையது ஒட்டு வீணைதான். தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 24 மெட்டுகளையும் நிலையாக வைக்கும் அமைப்பு, 1600 முதல் 1634 வரை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் வந்ததாகச் சொல்வார்கள். மேளம் கட்டுபவர் பழைய மெழுகை எடுத்துவிட்டு, புதிதாகக் குழைத்த கருப்பு மெழுகைத் தண்டியில் கட்டி, மெட்டுகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு வந்தார். ஒரு மெட்டை வைப்பார், மீட்டுவார், தலையைச் சாய்த்து நாதம் அடங்கும்வரை கேட்பார், பிறகு விரல் நுனியால் அதைத் தள்ளுவார். தள்ளியதா இல்லையா என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. மறுபடி மீட்டுவார். பட்டறையில் ஒருவர் உளியால் தட்டிக்கொண்டிருந்தார், வாசலில் பஸ் போய்க்கொண்டிருந்தது, யாரோ டீ கொண்டுவந்து வைத்தார்கள். அவருக்கு அவசரமும் இல்லை, சலிப்பும் இல்லை. நாதம் அடங்குவதற்கு முன் ஒரு தடவைகூட அவர் கை அடுத்த மெட்டுக்குப் போகவில்லை. நான் பார்த்ததிலேயே சுத்தமான முதல் காலம் அது. டீ ஆறிப்போன பிறகுதான் எடுத்துக் குடித்தார்.

மூளைக்கு நல்லதா?

வீணை கற்கிறேன் என்று தெரிந்ததும் எல்லோரும் சொல்வது, "நல்லதுங்க, மூளைக்கு நல்லது." அக்கறையோடுதான் சொல்கிறார்கள், அதில் உண்மையும் இருக்கிறது. 60 முதல் 85 வயதுள்ளவர்களுக்கு ஆறு மாதம் பியானோ கற்றுக்கொடுத்து, ஜெனிஃபர் பூகோஸ் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2007-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கற்றவர்களுக்கு, கவனத்தை மாற்றி மாற்றிச் செலுத்த வேண்டிய சோதனைகளில் முன்னேற்றம் தெரிந்தது. சிறிய குழுவில் செய்த ஆய்வு; ஆனாலும் வயதான பிறகு தொடங்குவதில் அர்த்தம் உண்டு என்று காட்டுகிறது. எனக்கு அதில் மகிழ்ச்சியே. ஆனாலும் "மூளைக்கு நல்லது" என்று கேட்கும்போது மனம் ஒப்பவில்லை. காலையில் வெறும் வயிற்றில் வெந்தயம் விழுங்குவது மாதிரி வீணையைச் சொல்கிறார்கள். பலன் எதிர்பார்த்து விழுங்கினால் வெந்தயம் வேலை செய்யும். பலனை நினைத்துக்கொண்டு காந்தாரத்தில் உட்கார்ந்தால், அந்த பலனே இன்னொரு பில்லாக வந்து நிற்கும். நோட்டில் அதற்கும் ஒரு புள்ளிதான். இந்த வாசிப்பில் என் கவனம் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே வாசித்துத் தாளம் உடைந்த மாலைகள் உண்டு.

அலுவலகத்தில் என்ன ஆயிற்று என்றும் கேட்கிறார்கள். 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் அப்படியே இருக்கின்றன, போனும் அப்படியே அடிக்கிறது. நான் செய்வதில் ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. நீளமான பட்டியலைச் சரிபார்க்கும்போது மனம் எந்த வரியில் போகும் என்று இப்போது முன்கூட்டியே தெரிகிறது. சிக்கலான பதிவில் போகாது. மாதா மாதம் ஒரே மாதிரி வரும் வாடகை, மின்கட்டணம், பழகிய சப்ளையரின் பில், அங்கேதான் போகும். அதனால் அந்த வரிகளில் ஏதாவது ஒன்றைத் தேடிக்கொண்டே போகிறேன். தேதி, வரி விகிதம், பில் எண்ணின் வரிசை. பக்கத்து மேசைத் தம்பிக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தேன். வீணையைப் பற்றி எதுவும் சொல்லாமல், எந்த வரியில் மனம் போச்சு என்று மட்டும் குறித்து வைக்கச் சொன்னேன். ஒரு மாதம் கழித்து, "அக்கா, எல்லாமே பஸ் டிக்கெட், பெட்ரோல் வவுச்சர்லதான் போகுது" என்றான்.

இந்த வயதில் தொடங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. என்னோடு அதே நேரத்தில் வகுப்புக்கு வரும் ஒரு சிறுமி என்னைவிட வேகமாக முன்னேறுகிறாள். அவள் சுவர்ப் பல்லியைப் பார்த்துக்கொண்டிருக்க, கை பாட்டுக்கு இரட்டை ஸ்வரங்களாக வரும் ஜண்டை வரிசையை வாசிக்கும். அவளுக்கு மனம் போவதும் தெரியாது, வந்ததும் தெரியாது, வாசிப்பும் கெடாது. அந்த வரம் நமக்கு இல்லை. போவது நமக்குத் தெரிகிறது, வருத்தமும் வருகிறது. அந்த வருத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதற்குத்தான் பென்சில் இருக்கிறது. அவசரமாக அடுத்த பாடங்களான கீதத்துக்குப் போக வேண்டும், வர்ணத்துக்குப் போக வேண்டும் என்று மட்டும் ஆசைப்படாதீர்கள். முதல் காலத்தில் நிறுத்தி வைக்கும் ஆசிரியராகத் தேடிப் போங்கள்.

எனக்கு இப்போது கீதம் ஆரம்பித்திருக்கிறது. வழக்கப்படி மலஹரி ராகம். மாயாமாளவகௌளையில் பிறந்ததுதான், ஆனால் நிஷாதம் கிடையாது, ஏறும்போது காந்தாரமும் கிடையாது. ஸ ரி ம ப த ஸ என்று போய், இறங்கும்போதுதான் மத்யமமான ம-வுக்குப் பிறகு காந்தாரம் வருகிறது. நான் இவ்வளவு நாள் பழகி வைத்த இடம் ஏறு வரிசையில் காணவே இல்லை. புதிய பக்கத்தில் புள்ளிகள் இப்போது மத்யமத்தின் மேல் விழுகின்றன. தம்புராவில் காந்தாரம் எழுவது போல மத்யமம் எழுவதில்லை, அங்கே காதுக்கு என்ன வேலை கொடுப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. வெள்ளிக்கிழமை வகுப்பு இருக்கிறது, டீச்சரிடம் கேட்க வேண்டும்.